71 மாற்றம், 7 மாற்றம்: ஆட்டம்மையின் வீரியத்தை எங்கே தேடுவது?

"வைரஸ் உருமாறிடுச்சு" என்ற வாக்கியம் கொரோனாவுக்குப் பிறகு எல்லார் வாயிலும் வந்துவிட்டது. மனிதர் நோய்க்கு மட்டுமில்லை, ஆட்டு நோய்க்கும் இப்போ அதைத்தான் சொல்கிறார்கள். செம்மறிப் பட்டியில் அம்மை வந்து குட்டிகள் சாகும்போது முதலில் வரும் விளக்கம் இது: "புது வகை வைரஸ் போல, ஊசி போட்டாலும் கேக்காது." இந்த விளக்கம் சரியா தப்பா என்று பார்ப்பதற்காக ஆட்டம்மை வைரஸின் மரபணு பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைச் சில மாதங்களாக வாசித்து வருகிறேன். இந்தப் பதிவு அந்த வாசிப்பின் குறிப்புகள். குறிப்பாக, மரபணு வேறுபாட்டையும் நோயின் வீரியத்தையும் இணைத்துப் பேசும் பழக்கத்தின் மீது எனக்குள்ள விமர்சனம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கால்நடை மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு நீளமான எழுத்துக் கோப்பின் இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு, "இந்த வரி மாறியதால்தான் இந்தப் பிழை வந்தது" என்று சொல்வதற்கு என்னென்ன சான்று வேண்டும் என்பது இருபது வருடமாக என் தினசரி வேலை. வைரஸ் மரபணுவும் ஒரு நீளமான எழுத்துக் கோப்புதான். அந்த அளவுக்குத்தான் என் பேச்சுரிமை.

எந்த வைரஸைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆட்டின் தோலில் புண் உண்டாக்கும் வைரஸ்களில் நம்ம ஊரில் முக்கியமானவை இரண்டு. ஒன்று ஆட்டம்மை. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுக்கு, பிறகு கம்பளி குறைவாக உள்ள இடங்களில் கொப்புளம். முகம், காதடி, தொடை இடுக்கு, வாலடி இங்கெல்லாம் தெரியும். நுரையீரலுக்குள்ளும் கட்டிகள் வரும். சாவு பெரும்பாலும் அங்கேயிருந்துதான். இன்னொன்று ஆர்ஃப் என்ற வாய்க்கொப்புள நோய். உதட்டைச் சுற்றிப் பக்கு கட்டும், குட்டி பால் குடிக்க முடியாமல் மெலியும். பால் கறப்பவர், புண்ணைத் தொட்டவர் கையிலும் வரும், சில வாரத்தில் ஆறிவிடும்.

பார்க்க இரண்டும் சில சமயம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வேறு உலகம். ஆட்டம்மை வைரஸின் மரபணு சுமார் 1,50,000 எழுத்து, அதில் நான்கில் மூன்று பங்கு ஏ, டி என்ற இரண்டு எழுத்துகள். ஆர்ஃபின் மரபணு சுமார் 1,38,000 எழுத்து, அதில் 64 சதவீதம் ஜி, சி. இரண்டும் அம்மைக் குடும்பத்தின் தூரத்து உறவுகள், அவ்வளவுதான். ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. "ஊசி போட்டும் வந்துருச்சு" என்று சொல்லப்படும்போது, வந்தது எது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். உருமாற்றம் பற்றிய கேள்வி அதற்கு அப்புறம்தான்.

இந்தப் பதிவில் நான் பேசப்போவது ஆட்டம்மையை. இதற்கு நெருங்கிய உறவுகள் இரண்டு: வெள்ளாட்டு அம்மையும், மாடுகளுக்கு வரும் தோல் கழலை நோயும். 2019-ல் ஒடிசாவில் முதலில் கண்டறியப்பட்டு, 2022-ல் குஜராத், ராஜஸ்தான் பக்கம் மாடுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்றதே, அந்த நோய்தான். மூன்றும் ஒரே பேரினம்.

2002-ல் வந்த கட்டுரை

இந்தத் துறையில் எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டுரை ஒன்று உண்டு. டல்மன் குழுவினர் 2002-ல் ஜர்னல் ஆஃப் வைராலஜி இதழில் எழுதியது. செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மை இரண்டிலும் சேர்த்து ஐந்து வைரஸ்களின் முழு மரபணுவையும் படித்து ஒப்பிட்டார்கள். மூன்று, நோய் உண்டாக்கும் கள வைரஸ்கள். இரண்டு, வீரியம் குறைக்கப்பட்ட தடுப்பூசி வைரஸ்கள்.

அதில் வந்த எண்கள்தான் இந்தப் பதிவின் தலைப்பு. செம்மறி அம்மைக்கும் வெள்ளாட்டு அம்மைக்கும் 96 சதவீதம் ஒற்றுமை. மாட்டுத் தோல் கழலை வைரஸோடு ஒப்பிட்டால் 97 சதவீதம். கொல்லும் செம்மறி அம்மை வைரஸுக்கும் அதன் தடுப்பூசி வைரஸுக்கும் இடையே மொத்தம் 71 மாற்றங்கள். வெள்ளாட்டு அம்மையில் அதே ஒப்பீட்டுக்கு வெறும் 7.

இந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 96 சதவீதம் ஒற்றுமை என்றால் 1,50,000-ல் சுமார் 6,000 எழுத்து வேறுபாடு. அவ்வளவு வேறுபட்ட செம்மறி அம்மையும் வெள்ளாட்டு அம்மையும் இரண்டுமே ஆட்டைச் சாகடிக்கும். 7 மாற்றம் மட்டுமே கொண்ட இன்னொரு வைரஸ் ஆட்டைக் காப்பாற்றும். 6,000 வேறுபாடு இருந்தும் இரண்டும் கொலைகாரன், 7 வேறுபாடு இருந்தால் ஒன்று கொலைகாரன், ஒன்று காவல்காரன்!

அதாவது மரபணுத் தூரமும் வீரியமும் ஒரே அளவுகோல் இல்லை. "இந்த வைரஸ் அந்த வைரஸிலிருந்து ரொம்ப மாறியிருக்கு" என்பதிலிருந்து "அதனால் இது கொடியது" என்ற முடிவுக்குப் பாதை கிடையாது. இதை 2002-லேயே இந்தக் கட்டுரையின் எண்கள் சொல்லிவிட்டன. ஆனால் இன்று வரை பலரும் அந்தப் பாதையில் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கட்டுரையின் பலம் அதன் முழுமை. பலவீனமும் உண்டு. செம்மறிக்கு ஒரு தடுப்பூசி வைரஸ், வெள்ளாட்டுக்கு ஒன்று, ஆகமொத்தம் இரண்டு ஒப்பீடுகள். 71 மாற்றங்களில் எது வீரியத்தைக் குறைத்தது என்று இந்த ஒப்பீடு சொல்ல முடியாது. தடுப்பூசி வைரஸை உருவாக்க, அதைத் திரும்பத் திரும்பச் செல்களில் வளர்ப்பார்கள். அப்படி வளரும்போது வேலைக்கான மாற்றமும் வரும், சும்மா கூடவே தொற்றிக்கொள்ளும் மாற்றமும் வரும். பஸ்ஸில் ஓட்டுநரும் இருப்பார், பயணிகளும் இருப்பார்கள். பஸ்ஸில் 71 பேர் இருந்தார்கள் என்ற பட்டியலை வைத்து ஓட்டியது யார் என்று சொல்ல முடியுமா?

ஆசிரியர்கள் சந்தேகப் பட்டியல் ஒன்று தருகிறார்கள். செம்மறித் தடுப்பூசியில் ஆன்கிரின் வகைப் புரத ஜீன்கள் இரண்டு பழுதாகியிருக்கின்றன. வெள்ளாட்டுத் தடுப்பூசியில் கெல்ச் வகை ஜீன்கள் மூன்று. பிற அம்மை வைரஸ்களில் இவற்றுக்கு உள்ள வேலையை வைத்து, இவைதான் வீரியத்தோடு தொடர்புடையவையாக இருக்கும் என்கிறார்கள். நியாயமான சந்தேகம். ஆனால் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. அவர்களும் தீர்ப்பு என்று சொல்லவில்லை. பின்னால் மேற்கோள் காட்டியவர்கள்தான் "காட்டியுள்ளனர்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒற்றை ஜீன் மரங்கள்

என் முக்கியமான விமர்சனம் இங்கேதான். இந்தியாவில் அம்மை நோய் பற்றி வரும் கட்டுரைகளில் பெரும்பகுதி முழு மரபணுவைப் படிப்பதில்லை. ஒரு ஜீன், அதிகம் போனால் இரண்டு மூன்று ஜீன். ஆட்டம்மைக்குப் பெரும்பாலும் பி32 என்ற மேலுறைப் புரத ஜீன். ஆர்ஃபுக்குப் பி2எல். அதைப் படித்து, மற்ற நாட்டு வைரஸ்களோடு வைத்து ஒரு வம்ச மரம் வரைந்து, "இந்த வைரஸ் அந்தக் கிளையில் சேர்கிறது" என்று முடிப்பார்கள்.

இதற்குப் பயன் இல்லையா? நிச்சயம் உண்டு. 2004-ல் ஹொசமணி குழுவினர் பி32 ஜீனை ஒரு நொதியால் வெட்டிப் பார்த்து, வந்தது செம்மறி அம்மையா வெள்ளாட்டு அம்மையா என்று பிரிக்க வழி சொன்னார்கள். முக்கியமான வேலை. கொப்புளத்தைப் பார்த்தோ, எந்த ஆட்டுக்கு வந்தது என்பதை வைத்தோ இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் சில வைரஸ்கள் இரண்டு ஆட்டையும் தாக்கும். 2011-ல் லாமியன் குழுவினர் ஆர்பிஓ30 என்ற இன்னொரு ஜீனில் செம்மறி அம்மைக்கு மட்டும் 21 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டினார்கள். ஆள் அடையாளம் காண இதெல்லாம் நல்ல கருவிகள். ஆதார் அட்டை மாதிரி.

பிரச்சினை எங்கே என்றால், ஆதார் அட்டையைப் பார்த்து ஒருத்தன் முரடனா சாதுவா என்று சொல்லப் போவது. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். பி32 ஜீன் ஏறத்தாழ 970 எழுத்து. மொத்த மரபணுவில் 0.65 சதவீதம். கொல்லும் வைரஸுக்கும் தடுப்பூசிக்கும் இடையிலான 71 மாற்றங்கள் மரபணு முழுக்கச் சீராகத் தூவப்பட்டிருந்தால், பி32-க்குள் சராசரியாக விழுவது 0.46 மாற்றம். ஒன்றுகூட விழாமல் போகும் வாய்ப்பு 63 சதவீதம். 7 மாற்றங்கள் என்றால் ஒன்றும் விழாமல் போகும் வாய்ப்பு 95 சதவீதத்துக்கும் மேல். நிஜத்தில் மாற்றங்கள் சீராக விழுவதில்லை. மேலுறைப் புரதம் போன்ற அவசியமான ஜீன்களில் இன்னும் குறைவாகவே விழும், ஆக என் கணக்கு ஒற்றை ஜீன் ஆட்களுக்குச் சாதகமான கணக்கு.

இதன் பொருள்: பி32 மட்டும் படித்தால், பட்டியைக் காலி செய்யும் வைரஸும் குப்பியில் உள்ள தடுப்பூசி வைரஸும் ஒரே கிளையில் ஒட்டிக்கொண்டு நிற்க எல்லா வாய்ப்பும் உண்டு. உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசத்தையே பார்க்க முடியாத ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "வீரியம் மிக்க புதிய வகை" என்று எப்படிச் சொல்ல முடியும்? மரம் வரைவதில் தப்பில்லை. மரத்தின் கீழே "வீரியம்" என்ற சொல்லை எழுதுவதுதான் தப்பு.

நிரூபணம் எப்படி இருக்கும்?

சரி, அப்போ ஒரு ஜீனுக்கும் வீரியத்துக்கும் உள்ள தொடர்பை நிரூபிக்கவே முடியாதா? முடியும். பாலின்ஸ்கி குழுவினர் 2007-ல் அதே இதழில் செய்து காட்டினார்கள். இந்த வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை அது.

2002 பட்டியலில் இருந்த கெல்ச் வகை ஜீன்களில் ஒன்று எஸ்பிபிவி-019. கொடிய செம்மறி அம்மை வைரஸ் ஒன்றை எடுத்து, அதிலிருந்து அந்த ஒரு ஜீனை மட்டும் நீக்கினார்கள். அடுத்து, நீக்கிய வைரஸில் அதே ஜீனைத் திரும்ப வைத்து மூன்றாவது வைரஸ் ஒன்றும் செய்தார்கள். மூன்றையும் குட்டிகளுக்குச் செலுத்தினார்கள். மூல வைரஸ் செலுத்திய குட்டிகளில் சாவு 100 சதவீதத்தை நெருங்கியது. ஜீன் நீக்கிய வைரஸ் செலுத்திய குட்டிகள் எல்லாம் பிழைத்தன. காய்ச்சல், கொப்புளம், வைரஸ் வெளியேற்றம் எல்லாமே குறைந்தன, அல்லது தாமதமாயின. ஜீனைத் திரும்ப வைத்த வைரஸ்? மறுபடியும் 100 சதவீதத்தை நெருங்கிய சாவு.

அந்த மூன்றாவது வைரஸ்தான் விஷயம். மென்பொருள்காரர்களுக்கு இது உடனே புரியும். ஒரு கமிட்டை ரிவர்ட் செய்தேன், பிழை போச்சு. மறுபடி அதே கமிட்டைப் போட்டேன், பிழை திரும்ப வந்துச்சு. இதற்கு மேல் விவாதம் இல்லை. மூன்றாவது வைரஸ் இல்லாமல் இருந்திருந்தால், "ஜீனை நீக்கும்போது வேறு எங்கேயாவது கை பட்டிருக்கலாம்" என்று யாராவது கேட்டிருக்க முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆய்வகத் தட்டில் வளர்க்கும்போது ஜீன் நீக்கிய வைரஸும் மூல வைரஸ் மாதிரியே வளர்ந்தது. தட்டில் வித்தியாசம் இல்லை, ஆட்டில் வாழ்வா சாவா வித்தியாசம். ஆக, வீரியம் என்பதை எழுத்துக் கோப்பிலும் பார்க்க முடியாது, தட்டிலும் பார்க்க முடியாது, ஆட்டில்தான் பார்க்க வேண்டும்.

இந்த இரண்டு கட்டுரைகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒரு வேடிக்கை தெரியும். 2002-ல் செம்மறித் தடுப்பூசியில் முக்கியமாகச் சுட்டப்பட்டவை ஆன்கிரின் ஜீன்கள். 2007-ல் செம்மறி அம்மையில் கெல்ச் ஜீன் ஒன்றை நீக்கினாலே வீரியம் போகிறது. அதாவது ஒரே ஊருக்குப் போக ஒன்றுக்கு மேற்பட்ட ரோடு இருக்கிறது போல.

முயல் சொன்ன பாடம்

அந்த "போல" என்பதை உறுதி செய்ய ஆஸ்திரேலியாவுக்குப் போகணும். அங்கே முயல் தொல்லையை ஒழிக்க 1950-ல் மிக்சோமா என்ற வைரஸை வேண்டுமென்றே பரப்பினார்கள். இதுவும் அம்மைக் குடும்பம். முதலில் விட்ட வைரஸ் ஆய்வக முயல்களில் 99 சதவீதத்துக்கும் மேல் கொன்றது. சில ஆண்டுகளுக்குள்ளேயே காட்டில் பெருவாரியாக இருந்தவை 70 முதல் 95 சதவீதம் கொல்லும் நடுத்தர வைரஸ்கள். பிராங்க் ஃபென்னர் இதை ஐந்து படிகளாகப் பிரித்து ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஐரோப்பாவிலும் 1952-ல் இதே வைரஸின் வேறொரு வகை விடப்பட்டு, அங்கும் இதே கதை நடந்தது.

கெர் குழுவினர் 2012-ல் இந்த இரண்டு கண்டத்து வைரஸ்களின் முழு மரபணுவையும், 49 ஆண்டு இடைவெளியில் சேகரித்தவற்றை, ஒப்பிட்டார்கள். எந்த ஒரு வீரியப் படிக்கும் பொதுவான ஒரு மாற்றமும் கிடைக்கவில்லை. வீரியம் கூடவும் குறையவும் பல வழி, பல ஜீன். விளைவு ஒன்று, வழி வேறு வேறு.

அங்கே இதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் மரபணுப் படிப்பு மட்டும் இல்லை. ஒவ்வொரு வைரஸையும் ஒரே மாதிரி ஆய்வக முயலுக்குச் செலுத்தி, எத்தனை சாகிறது, எத்தனை நாளில் சாகிறது என்று அளந்த பழைய குறிப்புகள் பத்திரமாக இருந்தன. ஆட்டம்மைக்கு அப்படி ஒரு படிவரிசையை நான் எங்கும் காணவில்லை.

வீரியம் யாருடையது?

நம்ம ஊர்க் கட்டுரைகளில் வீரியத்துக்கு என்ன அளவுகோல்? பெரும்பாலும் களத்தில் செத்த ஆடுகளின் சதவீதம். இது வைரஸை மட்டும் அளப்பதில்லை.

உலக விலங்கு நல அமைப்பு தரும் எண்களையே பாருங்கள். ஆட்டம்மை காலங்காலமாக உள்ள பகுதிகளில் சாவு 5 முதல் 10 சதவீதம். அங்கே வெளியிலிருந்து இறக்குமதி செய்த ஆடுகளில் அது 100 சதவீதத்தை நெருங்கலாம். வைரஸ் அதே வைரஸ், ஆடுதான் வேறு. வயதும் அப்படித்தான், பெரிய ஆடு தாங்கும், குட்டி தாங்காது. கூடவே ஆட்டுக்கொல்லி நோயோ, நிமோனியாவோ, குடல் புழுவோ, கோடைப் பட்டினியோ சேர்ந்தால் கணக்கு மாறும். தமிழ்நாட்டில் மெட்ராஸ் சிவப்பு, மேச்சேரி இன ஆடுகளில் அம்மை வந்ததைப் பற்றி 2008-ல் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. அதுபோன்ற இன வாரியான பதிவுகள் ராமநாதபுரம் வெள்ளைக்கும் செவ்வாட்டுக்கும் சேர வேண்டும். இல்லாமல் "இந்த வருஷம் சாவு அதிகம், அதனால் வைரஸ் கொடியது" என்பது, சர்வர் மெதுவாக ஓடுது, அதனால் புது கோடுதான் காரணம் என்று சொல்வது மாதிரி. அன்றைக்குக் கூட்டம் எவ்வளவு என்று பார்த்தீங்களா?

அப்படின்னா மரபணுவைப் படிப்பதே வீணா?

இல்லவே இல்லை. எதற்காகப் படிக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும், அவ்வளவுதான். இரண்டு உதாரணம்.

ஆப்பிரிக்காவில் "கென்யா செம்மறி-வெள்ளாட்டு அம்மை" என்ற பெயரில், ஓ-240 என்ற வைரஸை வைத்துப் பல ஆண்டுகள் தடுப்பூசி போட்டார்கள். மரபணுவைப் பார்த்தபோது அது செம்மறி அம்மையும் இல்லை, வெள்ளாட்டு அம்மையும் இல்லை, மாட்டுத் தோல் கழலை வைரஸ்! 2014-ல் டுப்புரைனன் குழுவினர் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஆட்டு வைரஸ் என்று நம்பி மாட்டுக்குப் போட்டால், மாட்டு வைரஸையே போதுமான அளவு வீரியம் குறைக்காமல் மாட்டுக்குள் செலுத்துவதாகிவிடும். கோப்பின் பெயரை நம்பாதே, உள்ளே திறந்து பார் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

இரண்டாவது: 2017-ல் ரஷ்யாவின் சராத்தவ் பகுதியில் மாடுகளில் கிடைத்த தோல் கழலை வைரஸ், கள வைரஸும் தடுப்பூசி வைரஸும் துண்டு துண்டாகக் கலந்த கலவையாக இருந்தது. பக்கத்து கசகஸ்தானில் பயன்படுத்திய ஒரு தடுப்பூசிக் குப்பியிலேயே இந்தக் கலவைகள் இருந்ததை 2022-ல் வந்த ஆய்வு காட்டியது. இதை ஒற்றை ஜீன் மரம் ஒருபோதும் காட்டியிருக்காது. மரபணுவின் ஒரு துண்டு ஒரு கிளையில் போய் உட்காரும், இன்னொரு துண்டு வேறு கிளையில் போய் உட்காரும். முழுசாகப் படித்தால்தான் தையல் தெரியும்.

அடையாளம், கலப்பு, தடுப்பூசியின் தூய்மை. இந்த மூன்றுக்கும் முழு மரபணு உடனே பதில் சொல்லும். வீரியத்துக்கு மட்டும் அது தனியாகப் பதில் சொல்லாது.

ஊசி கேக்காதா?

இப்போ முதல் கேள்விக்கு வரலாம். சிவகங்கைப் பக்கம் கிடை போடும் ஒருவர் எனக்கு மாமா முறை. "மாப்ள, புது வைரசாமே. ஊசி போட்டு என்ன புண்ணியம்?" என்று கேட்டார். அவர் கேட்டது ஆராய்ச்சிக் கேள்வி இல்லை, வாழ்க்கைக் கேள்வி. அறுவடை முடிந்து தஞ்சாவூர்ப் பக்கம் வயலில் ஆடு அடைத்தால்தான் கிடைக்காசு. ஒரு பட்டியில் அம்மை வந்தால் கிடையை நகர்த்தக் கூடாது, நகர்த்தாவிட்டால் வருமானம் இல்லை. ஊசியும் வேலைக்காகாது என்று நம்பிவிட்டால் அவர் என்ன செய்வார்? ஊசியையும் விடுவார், கிடையையும் நகர்த்துவார். "உருமாறிடுச்சு" என்று யாரோ போகிறபோக்கில் சொன்ன வார்த்தையின் விலை அங்கேதான் தெரியும்.

அவருக்கு நான் சொன்னது இது. இந்தப் பேரினத்து வைரஸ்கள் நோயெதிர்ப்பின் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால்தான் ருமேனியாவில் எடுத்த வைரஸை வைத்துச் செய்த ஊசி நம்ம ஊர் ஆட்டைக் காத்தது. ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையத்தின் ஊர்ப் பெயரிலேயே ஒரு ஆட்டம்மைத் தடுப்பூசி வைரஸ் உண்டு. பிறகு இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீநகரில் எடுத்த வைரஸிலிருந்து ஒன்று செய்தது. 2022-ல் மாடுகளுக்குத் தோல் கழலை வந்தபோது நாடு முழுக்கப் போட்டது வெள்ளாட்டு அம்மை ஊசியை. 97 சதவீத ஒற்றுமை இருந்தால் வேறு விலங்கின் ஊசியே ஓரளவு கைகொடுக்கிறது. அப்படியிருக்க, செம்மறி அம்மைக்குள்ளேயே சில எழுத்து மாறியதால் செம்மறி ஊசி முழுசாகத் தோற்கும் என்பது நம்புவதற்குக் கடினமான கதை.

ஊசி போட்டும் நோய் வந்தால், மரபணுவைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டிய எளிய காரணங்கள் நிறைய. இது உயிருள்ள வைரஸ் ஊசி, குளிர்ச்சி கெட்டால் செத்துவிடும். சித்திரை வெயிலில் பைக் பெட்டியில் வந்த குப்பிக்கு என்ன ஆகும்? கரைத்த மருந்தை எவ்வளவு நேரம் வைத்திருந்து போட்டார்கள்? மந்தையில் எத்தனை ஆடு விட்டுப்போச்சு? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்போதே குட்டிக்குப் போட்டதா? ஊசி போடுவதற்கு முன்பே உள்ளே நோய் இருந்ததா? அறிகுறி வெளியே தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகலாம். சந்தையில் வாங்கி வந்த புது ஆட்டை மந்தையோடு உடனே சேர்த்தார்களா?

அம்மை என்றால் வேப்பிலை கட்டுவதும், அந்த வீட்டுக்கு வெளியாள் போகாமல் இருப்பதும் நம்ம ஊர் வழக்கம். அதைப் பட்டிக்கும் கடைப்பிடித்தால் அறிவியல் சொல்லும் தனிமைப்படுத்தலில் பாதி ஆகிவிட்டது. நிழலான தொழுவத்தில் காய்ந்த பக்கில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால், மீதிப் பாதி அந்த இடத்தைச் சுத்தம் செய்வது.

என்ன கேட்கிறேன்?

ஆராய்ச்சியாளர்களிடம் கேட்பது இரண்டுதான். ஒற்றை ஜீன் மரம் வரைந்தால், அடையாளம் என்று மட்டும் எழுதுங்கள், வீரியம் என்ற சொல்லை விட்டுவிடுங்கள். மாதிரி எடுக்கும்போது மந்தையின் வரலாற்றையும் எடுத்து வெளியிடுங்கள்: ஊர், இனம், வயது வாரியாக எத்தனை ஆடு, எத்தனைக்கு நோய், எத்தனை செத்தது, கடைசி ஊசி எந்தத் தேதி, கூட வேறு நோய் இருந்ததா. பொது மரபணுத் தரவுத்தளத்தில் எந்த விலங்கு, எந்த நாடு, எந்தத் தேதி என்று எழுத இடம் உண்டு. நோயின் கடுமையைச் சொல்லக் கட்டாயமான இடம் கிடையாது. அந்த ஒரு வெற்றிடத்தால்தான், எழுத்துகள் சேர்ந்துகொண்டே போகின்றன, அர்த்தம் சேரவில்லை.

2019 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 45 லட்சம் செம்மறி ஆடுகள். செட்டிநாட்டில் அரசின் மாவட்டக் கால்நடைப் பண்ணை இருக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் துறை இருக்கிறது. சுற்றிலும் கீதாரிகள் இருக்கிறார்கள், தங்கள் ஆடு ஒவ்வொன்றின் தாய், பாட்டி வரைக்கும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள். மந்தை வரலாறு என்ற தரவு அவர்கள் தலைக்குள் ஏற்கனவே இருக்கு. ஒரு நோட்டும், கேட்டு எழுத ஒரு ஆளும்தான் குறை.

மாமா இந்த முறை ஊசி போட்டார். குப்பி வந்த ஐஸ் பெட்டியைத் திறந்து, ஐஸ் உருகாமல் இருக்கா என்று பார்த்துவிட்டுத்தான் போடவிட்டாராம். 71 மாற்றத்தில் எது முக்கியம் என்று தெரிவதற்கு முன்னாலேயே செய்யக்கூடிய, செய்யவேண்டிய வேலை அதுதான்.